பொறவு யாரும் வரல

திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை போகும் பாசஞ்சர் ரயிலில் மேற்குப் பக்கத்து ஜன்னல் கிடைத்துவிட்டால் அந்த வட்டாரத்தில் கேட்பதற்கு வேறொன்றும் இல்லை. சேரன்மகாதேவி வரை வாய்க்காலும் வயலும் வாழையுமாக ஓடும். காருகுறிச்சியில் ரயில் நின்றால் அருணாசலத்தின் நாகஸ்வரத்தைப் பற்றிப் பேச யாராவது ஒருவர் பெட்டியில் இருப்பார். அம்பாசமுத்திரம் தாண்டியதும் மலை கிட்டே வந்துவிடும். ஆழ்வார்குறிச்சியில் பரமகல்யாணி கல்லூரிப் பிள்ளைகள் ஏறி இறங்குவார்கள். 1963-ல் தொடங்கிய கல்லூரி அது. கீழக்கடையம், பாரதியின் மனைவி செல்லம்மாளின் பிறந்த வீட்டு ஊருக்கான நிலையம். 1918 கடைசியில் சிறையிலிருந்து வெளியே வந்த பாரதி, 1920 வரை அந்த ஊரில்தான் குடியிருந்தார். கோயில், நாகஸ்வரம், கவிதை என்று இந்தப் பாதையைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. பீடியைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

கடையம், பாவூர்சத்திரம், ஆலங்குளம், முக்கூடல் பக்கம் எந்தத் தெருவில் நுழைந்தாலும் திண்ணையில் மடியில் தட்டு வைத்துக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். இலையும் தூளும் நூலும் கடையில் எடைபோட்டுக் கொடுக்கப்படும். சுற்றிக் கட்டாக்கிக் கொண்டுபோனால் எண்ணிப் பார்த்து, தேறாததைக் கழித்துவிட்டு, பாஸ்புக்கில் வரவு எழுதுவார்கள். அந்த வரவை வாசிக்கத் தெரியாதவளுக்கு அவர்கள் எழுதியதுதான் கணக்கு. இந்தத் தொழிலில் எழுத்தறிவு என்பது கூலியோடு நேராகச் சம்பந்தப்பட்ட விஷயம்.

கீழக்கடையத்தில் ஓர் ஆச்சியும் பேத்தியும் ஏறினார்கள். ஆச்சிக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். கையில் மஞ்சப்பை, பை நிறைய நகல்கள். பேத்தி குற்றாலம் காலேஜில் பி.காம். படிக்கிறாள்.

"எங்கன போறீக அண்ணாச்சி?"

"குற்றாலம்தான்."

"சீசன் முடியப் போவுதே, இப்பமா போறீக?" என்று சிரித்துவிட்டு, பையை என்னிடம் நீட்டி, "இதைக் கொஞ்சம் பாருங்க" என்றார். பார்த்தால் நன்றாகவே புரிந்தது. பீடித் தொழில் 1977-ல் வருங்கால வைப்பு நிதிக்குள் கொண்டுவரப்பட்டது. இவருக்கும் கணக்கு இருக்கிறது, ஓய்வூதியம் வர வேண்டும். ஆனால் பாஸ்புக்கில் 'அம்மாள்' என்று முடிகிற பெயர் ஆதாரில் 'அம்மா' என்று முடிகிறது. ஒன்றில் அப்பாவின் இனிஷியல், மற்றொன்றில் புருஷனின் இனிஷியல். பிறந்த தேதி மூன்று தாளில் மூன்று விதம். மாதம் 1,000 ரூபாய் குறைந்தபட்ச ஓய்வூதியம் இந்த ஓர் எழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

கைநாட்டா, கையெழுத்தா என்று கேட்டேன். ஆச்சிக்கு ரோஷம் வந்துவிட்டது.

"கையெழுத்துத்தான். அறிவொளில படிச்சேன். ராத்திரி தெருவிளக்குக்கு அடியில உக்காந்து படிச்சது. பஸ்ல ஊர் பேரு எழுத்துக்கூட்டி வாசிப்பேன். அதுக்குப் பொறவு யாரும் வரல."

"நான் இருக்கேம்லா ஆச்சி" என்றாள் பேத்தி.

"நீ கல்யாணம் ஆகிப் போயிருவ. பொறவு?"

பாவூர்சத்திரம் வரும்வரை அந்தக் கேள்விக்கு நாங்கள் இருவரும் பதில் சொல்லவில்லை.

அறிவொளி தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். 1990 பிப்ரவரி 4-ல் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அந்தத் தீ அறிவொளி இயக்கமாகத் தமிழ்நாட்டுக்கும் பரவியது. 1991-ல் புதுக்கோட்டையில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, கல்குவாரிப் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். நெல்லை மாவட்டத்திலும் இயக்கம் நடந்தது. தென்காசி அப்போது நெல்லையின் ஒரு மூலை, தனி மாவட்டம் ஆனது 2019 நவம்பர் 22-ல்தான். அந்த இயக்கத்தில் முழுமூச்சாக வேலை செய்த எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன் தன் அனுபவங்களை 'இருளும் ஒளியும்' என்று புத்தகமாக்கியிருக்கிறார். எழுத்தறிவு பற்றிய அரசு அறிக்கைகளை வாசிப்பதற்கு முன்னால் அதை வாசித்துவிடுவது நல்லது. வகுப்பு எடுத்தவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தொண்டர்கள். கல்லூரிப் பிள்ளைகளும், படித்து வேலையில்லாமல் இருந்தவர்களும், பத்தாவது முடித்த பக்கத்து வீட்டுப் பெண்களும் அதில் இருந்தார்கள்.

அறிவொளிக்குப் பிறகு வளர்கல்வி மையம் வந்தது. ஊருக்கு ஒரு அறை, ஒரு ஊக்குநர், சில புத்தகம், ஒரு நாளிதழ். அதுவும் போனது. பிறகு வேறு பெயரில் ஒன்று. 2022-லிருந்து புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் நடக்கிறது. ஐந்தாண்டுக்கு நாடு முழுமைக்கும் 1,037.90 கோடி ரூபாய். இதிலும் கற்பிப்பவர்கள் தன்னார்வலர்கள்தான். எதையும் குறை சொல்லவில்லை. 2011 கணக்கெடுப்பில் தமிழகப் பெண்களின் எழுத்தறிவு 73.44 சதவீதம், நான்கில் ஒரு பெண்ணுக்கு எழுத்து வராத மாநிலத்தில் எந்தத் திட்டம் வந்தாலும் நல்லதே. ஆனால் இயக்கம் என்றால் வரும், போகும். அதன் இயல்பு அது. போகாமல் அங்கேயே நிற்பது எது?

தென்காசியில் இறங்கியதும் கோபுரம் தெரியும். காசி விஸ்வநாதர் கோயில் பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டியது. கோபுர வாசலில் நுழையும்போது மேற்கிலிருந்து வரும் காற்று ஆளைத் தள்ளும். சாரல் காலத்தில் வேட்டியைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். பிற்காலத்தில் இந்தக் கோயிலுக்குக் குறை வந்து அதைச் சரிசெய்பவர் யாரோ அவர் காலில் இப்போதே விழுகிறேன் என்று கல்லில் வெட்டி வைத்த ராஜா அவன். கோபுரம் இடிபட்டு, பல பத்தாண்டுகள் மொட்டையாகவே நின்றது. 1990-ல்தான் சிவந்தி ஆதித்தன் முயற்சியில் இப்போதைய ராஜகோபுரம் எழுந்தது. தொடங்குவதை விட, விட்ட இடத்திலிருந்து எடுத்துச் செய்கிறவன் பெரியவன் என்று தெரிந்த ராஜா என்பதால் எனக்கு அவன்மேல் தனி மரியாதை.

ஊருக்குள் வ.உ.சி. வட்டார நூலகத்தில் எட்டிப் பார்த்தேன். டி.என்.பி.எஸ்.சி. புத்தகங்களோடு இளைஞர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். நல்ல காட்சிதான். ஆனால் முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களைத் தேடினால் நாளிதழ் மேஜையில் நாலைந்து ஆண்கள். பெண் ஒருவர்கூட இல்லை.

அங்கிருந்து ஆய்க்குடிக்கு டவுன் பஸ். இந்தப் பயணத்தில் நான் அதிக நேரம் இருந்த இடம் ஆய்க்குடிதான்.

ஆய்க்குடிக்காரரான எஸ். ராமகிருஷ்ணன் 1975-ல் பொறியியல் மாணவர். கடற்படை அதிகாரித் தேர்வில் உடல்திறன் சோதனையின்போது விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டு, கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் போனது. தனக்கு வைத்தியம் பார்த்த ராணுவ மருத்துவர் ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சாஹலின் நினைவாக, 1981-ல் ஊரிலேயே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். அந்த ஆண்டுதான் ஐ.நா.வின் சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டு. சில குழந்தைகளோடு ஒரு கொட்டகையில் ஆரம்பித்தது. பின்னால் தசைச்சிதைவு நோய் உள்ள பட்டயக் கணக்காளர் எஸ். சங்கரராமன் வந்து சேர்ந்தார். 2020-ல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இன்று பள்ளி, தொழிற்பயிற்சி, முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கான மறுவாழ்வு என்று அது ஒரு வளாகம்.

இதை மறுவாழ்வு மையம் என்றுதான் எல்லோரும் எழுதுவார்கள். எனக்கு அது ஒரு முதியோர் கல்விக்கூடமாகத் தெரிந்தது. வளர்ச்சி தாமதப்பட்ட குழந்தைக்கு வாரம் ஒருநாள் பிசியோதெரபிஸ்ட் வந்து காலை நீட்டி மடக்கினால் போதாது. தினமும் செய்ய வேண்டும். அதைச் செய்யக்கூடியவள் அம்மா. ஆகவே அம்மாவுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். முழங்காலை எங்கே பிடிக்க வேண்டும், கழுத்தை எப்படித் தாங்க வேண்டும், விளையாட்டாக எப்படிப் பேச்சை வரவழைப்பது என்று ஒவ்வொன்றாக. கற்றுக்கொடுப்பவர்களில் கிராமத்துப் பெண்களே அதிகம். சங்கம் அவர்களைப் பயிற்றுவித்து ஊர் ஊராக அனுப்புகிறது. கையிலிருக்கும் செல்போன் செயலியில் குழந்தையின் முன்னேற்றத்தைப் பதிகிறார்கள். வளாகத்தில் இருக்கும் நிபுணர் அதைப் பார்த்து அடுத்த பயிற்சியைச் சொல்கிறார். ஒரு தாய் ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் பாயில் உட்கார்ந்து மகனின் காலை எடுத்தபோது, அதில் தடுமாற்றமே இல்லை. பரீட்சை கிடையாது, சான்றிதழ் கிடையாது. கற்றது சரியா என்று குழந்தை எழுந்து உட்காரும்போது தெரிந்துவிடும். வயது வந்தவர்களுக்கு மண்டையில் ஏறாது என்று சொல்பவர்களை ஒரு மணி நேரம் இங்கே உட்கார வைக்க வேண்டும்.

மத்தளம்பாறையை வேகமாகக் கடந்துவிடலாம். அதைப் பற்றி ஊடகங்கள் நிறையவே எழுதிவிட்டன. ஜோஹோ நிறுவனம் 2011-ல் அங்கே அலுவலகம் திறந்தது. பன்னிரண்டாவது முடித்தவர்களை எடுத்து உதவித்தொகையோடு கணினித் தொழில் கற்றுத் தருகிறது அதன் பள்ளி. கல்லூரிப் பட்டம் இல்லாமலே நல்ல வேலைக்குப் போகலாம் என்று அந்த வட்டாரப் பிள்ளைகளுக்குக் காட்டியது பெரிய காரியம். நடுவில் வேலையை விட்ட பெண்களுக்கென்று 'மறுபடி' என்ற பயிற்சியையும் அந்த நிறுவனம் நடத்தியிருக்கிறது. ஆனாலும் அது ஒரு நிறுவனம். தனக்குத் தேவையானதைத்தான் அது கற்பிக்கும், கற்பிக்கவும் வேண்டும்.

இனிக் குற்றாலம். பேரருவியில் தண்ணீர் இருந்தது, கூட்டமும் இருந்தது. சீசனில் இந்த ஊர் தூங்காது. நடு ராத்திரியிலும் விளக்கு வெளிச்சத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். குளித்துவிட்டு, ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் வாழ்ந்த பக்கமாக நடந்தேன்.

டி.கே.சி. படித்தது சட்டம். தமிழில் அவருக்குப் பட்டம் கிடையாது. திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் அவர் வீட்டு வட்டத்தொட்டியில் மாலையில் கூடியவர்களும் தமிழ்ப் புலவர்கள் மட்டுமல்ல. வக்கீல், அதிகாரி, வியாபாரி என்று பல தொழில்காரர்கள். தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான் அப்படி வந்தவர். கம்பனை எடுத்தால் ஒரு பாட்டிலேயே ஒரு மாலை போய்விடும். பிற்காலத்தில் டி.கே.சி. குற்றாலத்துக்கே வந்து தங்கியபோது ராஜாஜியும் கல்கியும் தேடி வந்தார்கள். 1954-ல் அவர் மறைந்தார். நாற்பது, ஐம்பது வயதில் ஒரு மனிதர் புதிதாகப் படிக்கத் தொடங்கலாம், அதற்கு நல்ல பேச்சும் நாலு பேரும் போதும் என்பதற்கு இந்த வட்டாரத்தில் இதைவிடப் பெரிய சான்று இல்லை. கூடவே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். வட்டத்தொட்டி வசதியானவர்களின் முற்றம். பீடித்தட்டோடு யாரும் அங்கே உட்கார்ந்திருக்கவில்லை.

உழைப்பவர்கள் உட்கார்ந்த முற்றமும் உலகில் உண்டு. டென்மார்க்கில் 1844-ல் ராடிங் என்ற ஊரில் முதல் மக்கள் உயர்பள்ளி தொடங்கியது; குருந்துவி என்ற பாதிரியாரின் யோசனை. வயலில் வேலையில்லாத பனிக்காலத்தில் உழவர் வீட்டு இளைஞர்கள் வந்து தங்கிப் படித்தார்கள். வரலாறு, பாட்டு, பேச்சு. தேர்வு இல்லை. அங்கே உட்கார்ந்து பழகிய தலைமுறைதான் பின்னால் ஊர் ஊராகக் கூட்டுறவுப் பால் பண்ணை நடத்தியது. வட்டத்தொட்டியின் சுதந்திரத்தையும் அறிவொளியின் ஆட்களையும் ஒன்றாக வைத்தால் கிட்டத்தட்ட அது.

குற்றாலத்தில் அதற்கு இடம் இருக்கிறதா? இருக்கிறது. ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி. 1964-ல் தொடங்கியது, இந்து சமய அறநிலையத் துறை நடத்துவது. குற்றாலநாதர் கோயிலில் தனிச் சன்னதி கொண்ட பராசக்தியின் பெயர் அதற்கு. செங்கோட்டையிலிருந்தும் கடையத்திலிருந்தும் சுரண்டையிலிருந்தும் பெண்கள் வந்து படிக்கிறார்கள். அறுபது ஆண்டுகளாகப் பல வீடுகளில் முதல் பட்டதாரியை உண்டாக்கிய கல்லூரி என்றால் அது எத்தனை குடும்பத்தைத் தூக்கிவிட்டிருக்கும் என்பதை அந்த ரயில் பெட்டியிலேயே பார்த்தேன். பேத்தி இல்லாமல் ஆச்சியின் ஒரு தாள்கூட நகராது.

கல்லூரி தன் சுவருக்கு வெளியேயும் கற்பிக்க வேண்டும் என்பது புதிய ஆசை அல்ல. நாட்டு நலப்பணித் திட்டம் 1969-ல் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. கற்பித்தல், ஆய்வு ஆகியவற்றோடு மக்களிடம் போவதும் பல்கலைக்கழகத்தின் மூன்றாவது கடமை என்று எழுபதுகளின் கடைசியில் பல்கலைக்கழக மானியக் குழு சொன்னது. 1978 அக்டோபர் 2-ல் தேசிய வயது வந்தோர் கல்வித் திட்டம் பத்துக் கோடிப் பேரை இலக்காக வைத்துப் புறப்பட்டபோது கல்லூரிகளும் சேர்க்கப்பட்டன. 1995-ல் புதுச்சேரியிலும் 1996-ல் சென்னையிலும் சமுதாயக் கல்லூரிகள் பிறந்தன. இயேசு சபைப் பாதிரியார் சேவியர் அல்போன்ஸ் அதை நாடு முழுக்கக் கொண்டுபோனார். பள்ளியை விட்டு நின்றவர்களுக்குத் தொழிலும் பேச்சுத் துணிவும் தந்த நல்ல ஏற்பாடு அது. அதுவும் இருபது வயதுக்காரர்களுக்கான வேலைவாய்ப்பு என்ற ஒரே திசையில் நடந்ததால், ஆச்சிக்கு அங்கே பெஞ்சு இல்லை.

கட்டடம் சனிக்கிழமை பூட்டியிருக்கும், ஆசிரியர்களுக்கு நேரம் ஏது என்பார்கள். 1971-ல் மதுரைப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியபின் தென் மாவட்டங்களில் எத்தனை குமாஸ்தாக்கள், எத்தனை ஆரம்பப் பள்ளி ஆசிரியர்கள் பி.ஏ. பட்டம் வாங்கினார்கள்! அவர்களுக்குச் சனி, ஞாயிறு நேர்முக வகுப்பு நடந்ததெல்லாம் இதே மாதிரி கல்லூரிகளின் வகுப்பறையில்தான். கட்டணம் கட்டியவர்களுக்குத் திறந்த பூட்டு, கட்ட முடியாதவர்களுக்கும் திறக்கும்.

செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவு கணவாயில் இறங்கினால் கேரளம். 1956 வரை செங்கோட்டையே திருவிதாங்கூரோடும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. கேரளத்தில் எழுத்தறிவு இயக்கம் முடிந்த பிறகு தொடர்கல்வி மையங்களை விடாமல் வைத்துக்கொண்டார்கள். எழுத்தறிவு பெற்றவர் நாலாம் வகுப்பு, ஏழாம் வகுப்பு, பத்தாம் வகுப்புச் சமநிலைத் தேர்வு என்று படிப்படியாக ஏறலாம். 2018-ல் ஆலப்புழை மாவட்டத்துக் கார்த்தியாயினி அம்மா தன் 96-ஆம் வயதில் எழுத்தறிவுத் தேர்வில் நூற்றுக்கு 98 வாங்கியது அந்த ஏற்பாட்டினால்தான். மலைக்கு அந்தப் பக்கம் ஆன காரியம் இந்தப் பக்கம் ஆகாது என்பதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

நாட்டு நலப்பணித் திட்ட மாணவி ஒருத்தி இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் கொடுக்க வேண்டும். ஏழு நாள் முகாமில் கிராமத்துக்குப் போய்த் தெருவைக் கூட்டி, மரம் நட்டு, படம் எடுத்துக்கொண்டு திரும்புவதை எல்லாக் கல்லூரிகளிலும் பார்க்கிறோம். தெருவைக் கூட்டவும் மரம் நடவும் ஊரில் ஆள் உண்டு. பி.எஃப். படிவத்தை நிரப்பவும், ஆதாரில் பெயர் திருத்தவும், பட்டாவில் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்கவும், மருந்துச் சீட்டை வாசிக்கவும், வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லும் திருட்டு அழைப்பைக் கண்டுபிடிக்கவும் சொல்லித்தரத்தான் ஆள் இல்லை. சொல்லித்தருவது என்றால் தாங்களே செய்து கொடுத்துவிடுவதல்ல. பேத்தி போன பிறகும் ஆச்சிக்குக் கை ஓட வேண்டும்.

குற்றாலம் கல்லூரி என்று பெயர் சொல்லிக் கேட்பதற்குக் காரணம் உண்டு. அது கோயில் கல்லூரி. அறநிலையத் துறைக் கோயில்களின் உண்டியலில் பீடி சுற்றிய காசும் விழுந்திருக்கிறது. அந்தப் பெண்கள் கேட்டால் அது சலுகை கேட்பதாகாது, உரிமை. சனிக்கிழமை பிற்பகல், தரைத்தளத்தில் ஓர் அறை, இலவசம், வருகைப் பதிவேடு வேண்டாம், பரீட்சை வேண்டாம். மூன்றாம் ஆண்டு மாணவிகள் முறைவைத்து வரட்டும், ஒரு பேராசிரியை பொறுப்பேற்கட்டும். மாதம் ஒரு சனிக்கிழமை அலுவல் காகிதங்களை மூடி வைத்துவிட்டுக் கதையோ கம்பனோ வாசிக்கலாம்; டி.கே.சி.யின் ஊரில் அதற்கு யாரும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. ஆழ்வார்குறிச்சிக் கல்லூரியும் சுரண்டைக் கல்லூரியும் பார்த்துச் செய்தால் இன்னும் நல்லது. இரண்டாம் பருவம் டிசம்பரில் தொடங்குகிறது. ஓர் அறையை ஒதுக்குவதற்கு அதுவரை போதுமான அவகாசம் இருக்கிறது.